கண்ணீரும் கண்ணோட்டமும்

தொலைக்காட்சியினால் விளையுங் கேடுகள் இவையெனக் கூறும் வியாசங்கள் நம்முள் மலிந்துள்ளன. பிள்ளைகள் படியார், பெண்கள் அடுக்களையை மறப்பர், கண் கெடும், தமிழ் கெடும் என்பன அவற்றின் சாரம். (ஆடவர் பகல் முழுவதும் கிரிக்கெற் பார்ப்பதைப் பற்றி அவ்வியாசங்கள் பேசா.) அவற்றுட் சில மெய்யே, சில, நம் பாட்டன்மார் சினிமாவைப் பற்றிக் கூறியவற்றின் எதிரொலி. யான் ஈண்டு ஆராயப் புகுவது வேறொன்று. பிறர் துயரைக் கண்டு நாம் வடிக்குங் கண்ணீர், அத்துயர் ஒரு பெட்டியினுள்ளே தோன்றுவதாயின், இரக்கமாகுமா ஆகாதா என்பதே அது. பிள்ளைகளுக்கு ஜீவகாருண்யமும் ஈகையுங் கற்பிக்கும் உபாத்தியாயர்களாகிய நமக்கு இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று.

என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றை முதலிற் கூறுவேன். கூற நாணமுண்டு, எனினும் அதனை மறைத்து இவ்வியாசத்தை எழுதுதல் நேர்மையாகாது. ‘கோலங்கள்’ என்னுந் தொடரை நம்முட் பலர் அறிவர். 2003 ஆம் ஆண்டு சன் தொலைக்காட்சியிலே தொடங்கி, 1500 இற்கு மேற்பட்ட பகுதிகளாக நீண்டு, 2009 ஆம் ஆண்டு முடிவுற்றது அது. 2005 ஆம் ஆண்டு மழைக்காலத்து ஓரிரவு, யானும் என் மனைவியும் அத்தொடரிலே கதைத்தலைவிக்கு இழைக்கப்பட்ட அநீதியொன்றைக் கண்டு உருகியிருந்தோம். அவ்வமயம் அடுத்த வளவிலிருக்கும் ஆச்சி படலையைத் திறந்துகொண்டு வந்தார். பேரனுக்குக் கடுங்காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல என் மோட்டார்ச் சைக்கிள் வேண்டும். “இருங்கோ ஆச்சி, இப்ப விளம்பரம் வந்திடும்” என்றேன். அவ்வாறு கூறியபோது என் கண்கள் நனைந்திருந்தன என்பதை ஈண்டுக் குறித்தல் வேண்டும். ஆச்சி விறாந்தையோரத்தில் இருந்து, தாமுஞ் சிறிதுபொழுது திரையைப் பார்த்தார். விளம்பரம் வந்தது. திரும்பினேன், ஆச்சி இல்லை. சந்தியிற் கடை வைத்திருப்பவர் தம் சைக்கிளிலே பிள்ளையை ஏற்றிக்கொண்டு மழையிற் போய்விட்டார். பிள்ளை பிழைத்தான். மறுநாட் காலை வேலியோரத்தில் ஆச்சியைக் கண்டு, பிள்ளைக்கு எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டு, “மாஸ்ரர், ராத்திரி அந்தப் பிள்ளைக்குப் பிறகு என்ன நடந்தது?” என்றார். அவர் கேட்டது கதைத்தலைவியைப் பற்றி.

இவ்வினா புதியதன்று. யான் பயின்றது மிஷன் பாடசாலையிலாதலின், மேல்நாட்டார் இதுபற்றிக் கூறியவற்றை அங்கே கேட்கும் வாய்ப்புண்டாயிற்று. ஏறக்குறைய 1600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அகுஸ்தீன் என்னுங் கிறித்தவ ஞானி, இளமையிலே கார்த்தேஜ் நகரில் நாடகங்களிலே மூழ்கிக் கிடந்தவர். பிற்காலத்தில் அதனை நினைந்து, பொய்த்துயரைக் கண்டிரங்குதல் எத்தகைய இரக்கமென்று அவர் தம்மையே வினவினார். நாடகத்தைப் பார்ப்பவனைத் துயர் தீர்க்க எவரும் அழைப்பதில்லை, துயர்ப்பட மாத்திரமே அழைக்கின்றனர் என்பது அவர் கருத்து. அமெரிக்க உளநூலாராகிய வில்லியம் ஜேம்ஸ் என்பார், 1890 ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலிலே, பழக்கத்தைப் பற்றிய அதிகாரத்தில் ஒரு சித்திரந் தருகின்றார். ருஷிய நாட்டுச் சீமாட்டியொருத்தி நாடகசாலையினுள்ளே கற்பனை மாந்தருக்காக அழுதுகொண்டிருக்கின்றாள். வெளியே அவளுடைய வண்டிக்காரன் இருக்கையிலே குளிரால் விறைத்து இறந்துகொண்டிருக்கின்றான். நல்லுணர்ச்சியொன்று செயலாகாது ஆவியாய்ப் போகுந்தோறும், அடுத்த முறையுஞ் செயலின்றியிருக்க மனம் பழகிவிடுகின்றது என்பது ஜேம்ஸின் முடிபு. கச்சேரி கேட்டு உருகியவன் வீட்டிற்கு வந்து உறவினரொருவரோடு இன்சொற் பேசுதலாகிய சிறு செயலையேனுஞ் செய்க என அவர் மருந்துங் கூறினார். யான் அப்பகுதியை மாணாக்கனாய்ப் படித்தபோது சீமாட்டியை இகழ்ந்தேன். ஆச்சி வந்த இரவு எனக்கு அது நினைவிற்கு வரவில்லை.

அங்ஙனமாயின், கூத்தும் புராணபடனமுங் குற்றமாகாவோ எனச் சிலர் வினவலாம். நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திர மயானகாண்டத்திலே சுடலை காப்போனாய் நிற்க, சந்திரமதி மகனுடலைச் சுமந்து வருங்காட்சியில் அழாதிருந்தாரை யான் என் சிறுபிராயத்திற் கண்டிலேன். அக்கண்ணீரும் பொய்த்துயருக்கு வடித்ததே. ஆயினும் இரண்டிற்கும் வேற்றுமையுண்டு. கூத்து ஆண்டில் ஓரிரு முறை. அயலாரோடு ஒரே பாயிலிருந்து பார்த்து, அயலாரோடே இருளில் நடந்து வீடு திரும்பினோம். கதை விடியுமுன் முடிந்தது. தொடரோ முடிவதில்லை. நாள்தோறும் அது ஒரு முடிச்சிலே நிறுத்தப்படுகின்றது. நாளையும் அதே நேரத்தில் நாம் அங்கே இருத்தல் வேண்டும், இடையிலே சவர்க்காரமும் பட்டுச்சேலையும் விலைப்படல் வேண்டும் என்பதே நோக்கம். துயருற்றாள் ஒருத்தியைக் கண்டவுடன் “இவளுக்கு யாது செய்வேன்?” என்று எழவேண்டிய வினா, “இனி என்ன நடக்கும்?” என்னும் வினாவாக மாறிவிடுகின்றது. ஆச்சி வேலியோரத்திற் கேட்டது அவ்வினாவே. அவரைக் குறைகூற எனக்கு யாது தகுதி?

திருவள்ளுவர் கண்ணோட்டத்தைத் தனியோர் அதிகாரமாக வகுத்தனர். கண்ணோட்டமாவது, கண் சென்றவிடத்து நெஞ்சும் இரங்கிச் செல்லுதல். அன்புடைமை இல்லறவியலிலும் அருளுடைமை துறவறவியலிலும் இருக்க, இது மாத்திரம் பொருட்பாலிலே அரசியலில் ஏன் வைக்கப்பட்டது என்பது என்னைப் பல காலம் மயக்கிய ஐயம். இப்பொழுது எனக்குத் தோன்றுவது இது: அரசன் கண்டால் அவனாற் செய்யத்தக்கது ஒன்று உண்டு. காணுதலும் செய்தலும் ஒருவன்பாலே கூடியிருக்குமிடத்தில் தான் கண்ணோட்டம் பொருளுடையதாகின்றது. பழைய நாளிலே குடிமகனும் தன் ஊரளவில் அவ்வரசனே. அவன் கண்ட துயர் பெரும்பாலும் அவன் கைக்கு எட்டுந் தொலைவில் இருந்தது. தொலைக்காட்சி கண்ணை உலகெங்கும் ஓடவிட்டுக் கையை நாற்காலியிலே வைத்துவிட்டது. அது நம் சிந்தனையிற் செய்த மாற்றங்களுள் இதனையே யான் தலையாயதாகக் கருதுகின்றேன்.

இக்கூற்றுக்கு வலிய மறுப்பொன்று உண்டு. அதனை மறைத்தல் தகாது. 1984 ஆம் ஆண்டு ஒக்டோபர் 23 ஆந் திகதி, எத்தியோப்பியப் பஞ்சத்தை முகமது அமீன் என்பார் படம்பிடிக்க, மைக்கேல் பேர்க் என்பார் செய்தி கூற, பி. பி. சி. ஒளிபரப்பியது. அதனைக் கண்ட மக்கள் அழுததோடு அமையவில்லை. பெரும்பொருள் திரட்டி அனுப்பினர். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி கடல் நம் கரைகளை அழித்தபோதும், உலகம் திரையிலே கண்டது, கண்டு கொடுத்தது. நம்மூரிலும் மாலைக்குள்ளே சோற்றுப் பொதிகள் கட்டப்பட்டு வடமராட்சி கிழக்கிற்குச் சென்றன. ஆதலாற் பெட்டி இரக்கத்தைக் கொல்லும் என்று பொதுவாகக் கூறுதல் பொய். செயலுக்கு வழி திறந்திருக்குமிடத்து அது தூதுவனுமாகும். அன்றியும், பெட்டி இல்லாவிடத்து நாம் மேலோராய் விளங்கினோம் என்பதற்கும் இடமில்லை. 1990 ஆம் ஆண்டு குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போனபோது, ஜெனரேற்றரையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து விடியவிடியப் படம் பார்த்தவர்களும் நாமே.

வழி அடைபட்டவிடத்து யாது செய்வது? 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியிலே வன்னியில் நிகழ்ந்தவற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. அங்கே உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பங்கள் நம்மூரிற் சிலவே. 2006 முதற் பாதை மூடியிருந்தது, இரவில் ஊரடங்கு. செய்தியிலே எதுவும் முழுமையாகத் தெரியவில்லை. தெரிந்த சிறிதையும் பார்க்கப் பொறுக்கவில்லை. என் மனைவி செய்தியை மாற்றினார். நாங்கள் ‘கோலங்கள்’ பார்த்து அழுதோம். அக்கண்ணீர் முழுவதுங் கதைத்தலைவிக்கு உரியதென்று யான் இன்று நம்பவில்லை. வாய்விட்டு அழ இயலாத ஒன்றிற்காக, அழத்தக்க ஓரிடத்தில் அழுதோம் போலும். அதனைக் குற்றமென்று கூற என் நா எழவில்லை. குற்றமன்று என்று கூறவும் எழவில்லை.

இதுநிற்க, இக்காலத்துப் பிள்ளைகள் தொலைக்காட்சியைத் தாத்தா பாட்டியின் பொருளென எண்ணுகின்றனர். திரை சிறுத்து அவர்களின் உள்ளங்கையிற் புகுந்துவிட்டது. அழும் முகமும் ஆடும் முகமும் அரை நிமிடத்துக்கு ஒன்றாக விரல்நுனியில் ஓடுகின்றன. எங்களுக்கு விளம்பர இடைவேளையென ஒன்றாவது இருந்தது. திரும்பிப் பார்த்து, ஆச்சி இல்லையென்று அறிந்துகொள்ளும் அளவிற்கேனும் அது உதவிற்று.

சென்ற தவணையில் ஒன்பதாம் வகுப்பினருக்கு ‘நான் கண்ட கண்ணீர்’ என்னுந் தலைப்பைக் கொடுத்துக் கட்டுரை எழுதுவித்தேன். பலர் கைபேசியிற் கண்டவற்றை எழுதினர். நன்றாகவே எழுதினர், சொல்வளத்துக்குக் குறைவில்லை. ஒரு சிறுவன் நான்கு வரிகளே எழுதினான்: தன் தாயார் இரவிலே கிணற்றடியில் அழுதாரென்றும், ஏனென்று கேட்கப் பயந்து, தான் போய் வாளியை வாங்கித் தண்ணீர் இழுத்துக் கொடுத்தானென்றும். எழுத்துப்பிழைகள் மலிந்திருந்தன. அதற்கு எத்தனை புள்ளி இடுவதென்று தெரியாமல், அவ்வகுப்பின் கொப்பிகள் முழுவதையும் இரண்டு நாள் என் மேசைமேல் வைத்திருந்தேன்.