ஒலியும் அகிம்சையும்



வந்தவாசி, செஞ்சிப் பகுதிச் சிற்றூர்களை விட்டுச் சென்னையில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஒரு முறையீடு ஓயாது எழுகின்றது: “இரு நாழிகை, அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமர இயலவில்லை, வாசலில் ஹாரன் ஒலி!”

உண்மைதான். குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஹாரன் ஒலித்தலாகாது என ஒலி மாசு விதிகளின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகின்றது. கேட்பார் யார்? ஆயினும், வந்து விழும் ஒலியைச் சமநிலையோடு தாங்குதலும் சாமாயிகமே. நாம் அஞ்ச வேண்டுவது நமது கட்டைவிரலை.

ஒலி ஆகாயத்தின் குணம் என்றனர் வைசேடிகர். தத்துவார்த்த சூத்திரமோ அதனைப் புத்கலத்தின் பரியாயங்களுள் வைத்தது. பொருளாதலின் அது சென்று தாக்கும். நீரை வடிகட்டிப் பருகி, அந்தி சாயுமுன் உண்ணும் நாம், பச்சை விளக்கு எரிந்த கணமே முன்னிற்பவர் முதுகில் இப்பொருளை எறிகின்றோம். ஐம்பொறியும் நிறைந்த உயிர்க்கே செவி உண்டு. சாலையோர நாய்க்கும் தொட்டிற் குழந்தைக்கும் அஃது உண்டு.

ஒருநாள் ஜினாலயத்திற்கு விரைந்தோம். தடியூன்றிச் சாலையைக் கடந்த முதியவர் நமது ஹாரன் கேட்டுத் திடுக்கிட்டு, நடுவிலேயே நின்றுவிட்டார். அபிஷேகத்திற்கு உரிய நேரத்தில் சேர்ந்தோம். கண்மூடி அமர்ந்தபோது செவியில் நின்றது தெருவின் இரைச்சலன்று. நாம் எழுப்பிய அவ்வோர் ஒலியே.