உண்ணாத பாம்பும் ஊண் மறுத்த குற்றமும்

அகிம்சை என்றால் கொல்லாமை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. நம் அறநூல் ஆசிரியர்கள் அவ்வளவில் முடித்துவிடவில்லை. சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தின கரண்டகமும், அதன் வழிநின்று தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் அகிம்சாணுவிரதத்திற்கு நேரும் அதிசாரங்கள் ஐந்தைக் கூறுகின்றன. உறுப்பை அறுத்தல், கட்டி அடைத்தல், வருத்துதல், அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுதல், ஊண் மறுத்தல் என்பன அவை. இவ்வைந்தனுள் ஒன்றுகூடக் கொலையன்று என்பதை அன்பர்கள் கருதிப் பார்க்க வேண்டும். உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் இவற்றை வரிசைப்படுத்தும்போது கட்டுதலை முதலிலும், ஊணும் நீரும் மறுத்தலை இறுதியிலும் வைக்கிறது. தொழுவத்து மாட்டையும் பாரம் இழுக்கும் எருதையும் மனத்திற்கொண்டு சொல்லப்பட்ட இவ்விதிகள், இன்றைய சென்னை அடுக்ககத்துக் கண்ணாடிப் பெட்டிக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதே என் கருத்து.

திருவல்லிக்கேணியில் வாழும் நம் சமூகத்துக் குடும்பம் ஒன்று எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். கல்லூரியில் பயிலும் மகன், நண்பர் ஒருவரிடமிருந்து அயல்நாட்டு மலைப்பாம்பு ஒன்றைப் பெற்றுவந்து, குளிரூட்டப்பட்ட தன் அறையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தான். ஏழு வாரங்களாக அது எதையும் உண்ணவில்லை. மகனுக்குக் கவலை. தாயாருக்கோ உள்ளூர ஓர் ஆறுதல். இந்த ஏழு வாரமாக அவ்வீட்டின் பொருட்டு ஓர் எலியும் சாகவில்லையன்றோ! "அது தானாகவே விரதம் இருக்கிறது, டீச்சர். அதை நாம் ஏன் கலைக்க வேண்டும்?" என்று அவர் கேட்டார். ஜீவதயையிலிருந்து பிறந்த வினாதான். எனினும், அதனுள் ஒரு பெரிய மயக்கம் ஒளிந்திருக்கிறது.

இது எத்தகைய உயிர்?

நாளேடுகள் இப்பாம்பைப் 'பால் பைத்தான்' என்று எழுதுகின்றன. இங்குள்ள 'பால்' நாம் அருந்தும் பாலன்று. பந்து என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். அச்சமுற்ற வேளையில் தலையை நடுவில் மறைத்து உடலைப் பந்துபோல் சுருட்டிக்கொள்வதால் வந்த பெயர். இதைப் பந்து மலைப்பாம்பு எனலாம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளே இதன் தாயகம். கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து உலகெங்கும் ஏற்றுமதியாகிறது. வளர்ந்த பாம்பு பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து அடி நீளம் இருக்கும். நஞ்சில்லாதது. பகலில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் மறைந்திருந்து, இரவில் வெளிவருவது. நன்கு பேணினால் இருபது, முப்பது ஆண்டுகள் வாழக்கூடியது.

இவ்வுயிர்கள் நம் நகருக்கு வந்து சேரும் வழியும் அறியத்தக்கது. 2023 ஜனவரி 11 அன்று, பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்திற்கு வந்து, உரிமை கோருவாரின்றிக் கிடந்த இரு பைகளில் 45 பந்து மலைப்பாம்புகளும், வேறு வகைப் பாம்புகள் எட்டும், மார்மோசெட் என்னும் சிறு குரங்குகள் மூன்றும், நட்சத்திர ஆமைகள் மூன்றும் கண்டெடுக்கப்பட்டன. கட்டி அடைத்தல் என்னும் அதிசாரத்திற்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டுமோ?

இப்பாம்பு ஊனன்றி வேறெதையும் உண்ணாது. புற்றுக்குப் பால் வார்க்கும் வழக்கம் நம் அண்டை அயலில் உண்டு. ஆயினும் பால் பாம்பின் இயற்கை உணவன்று. சோறும் காய்கனியும் தந்து இதை மரக்கறிக்குப் பழக்கவும் இயலாது. அவ்வாறு முயல்வது அதன் உடலமைப்பை அறியாமல் செய்யும் வதையே ஆகும்.

விரதமா, வேதனையா?

உபவாசம் என்பது உணவு முன்னிருக்க, உண்ணும் ஆற்றலும் இருக்க, அறிந்து, விரும்பி, காலவரை செய்து உணவை நீக்குவது. கூட்டினுள் அடைபட்ட உயிர், குளிராலோ அச்சத்தாலோ நோயாலோ உண்ணாதிருப்பது அதுவன்று. முன்னது தவம், பின்னது முறையீடு. வாயற்ற உயிர் தன் குறையைச் சொல்ல வேறு மொழி அறியாது. அதற்கு 'விரதம்' என்று பெயரிடும்போது, அதன் துன்பத்திற்கு நம் அறத்தின் ஆடையை உடுத்தி, நம் மனச்சான்றை உறங்க வைக்கிறோம்.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. உணவைக் கொடாமலிருப்பது மட்டுமே ஊண் மறுத்தல் அன்று. உண்ண முடியாத நிலையில் ஓர் உயிரை வைத்திருப்பதும் ஊண் மறுத்தலே. எலியை முன்னே இட்டுவிட்டு, "நான் கொடுத்தேன், அது உண்ணவில்லை" என்று சொல்பவரும் அதிசாரத்தினின்று தப்புவதில்லை. இதை உணர, அப்பாம்பு ஏன் உண்ணவில்லை என்று பெட்டிக்குள் உற்று நோக்க வேண்டும்.

பெட்டிக்குள் பார்த்தல்

முதலாவது, வெப்பம். பாம்பின் உடல் தன் சூட்டைத் தானே ஆக்கிக்கொள்வதில்லை. சூடு குறைந்தால் உண்டது செரிக்காது. செரிக்காது என்றறிந்த உடல் உணவை நாடாது. பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியசும், மறுபக்கம் 25 முதல் 27 பாகையும் இருந்தால், அது வேண்டியவாறு இடம் மாறிக்கொள்ளும். நம் ஊரில் இருவகைப் பிழை நேர்கிறது. குளிரூட்டி இரவெல்லாம் இயங்கும் அறையில் பாம்பு குளிரில் ஒடுங்கிவிடுகிறது. குளிர்நாட்டார் எழுதியதை அப்படியே பின்பற்றி, சித்திரை வைகாசி வெயிலிலும் சூடேற்றும் பலகையைக் கட்டுப்பாட்டுக் கருவியின்றி எரியவிட்டால் அதன் வயிறு வெந்துபோகிறது. வெப்பமானியை இரு பக்கமும் வைத்து அளந்தறிவதே முறை. கையால் தொட்டு ஊகித்தல் ஆகாது.

இரண்டாவது, மறைவிடம். நாற்புறமும் கண்ணாடியாய் ஒளி வீசும் பெட்டி, வளையில் வாழப் பிறந்த உயிருக்கு நடுத்தெருவில் நிற்பது போன்றது. சூடான பக்கம் ஒன்றும் குளிர்ந்த பக்கம் ஒன்றுமாக, உடல் நெருங்கிப் பொருந்தும் இருண்ட மறைவிடங்கள் இரண்டு வேண்டும். ஒன்றே இருப்பின், சூட்டையா காப்பையா என்று அது தேர்ந்தெடுக்க நேரிடும். பெட்டியின் மூன்று பக்கங்களை மூடிவிடுவதும் நன்று.

மூன்றாவது, ஈரம். காற்றில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஈரம் இருத்தல் நலம். கடலோரத் திருவல்லிக்கேணியில் இது இயல்பாகவே அமையும். ஆனால் குளிரூட்டி அதை உறிஞ்சிவிடும். அப்போது தோல் சீராக உரியாமல் துண்டு துண்டாகக் கழலும். காற்றோட்டமின்றி ஈரம் தேங்கினாலோ தோலிலும் நுரையீரலிலும் நோய் பற்றும். உடல் முழுதும் நனையத்தக்க நீர்க்கலம் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

நான்காவது, மனிதர் கை. நண்பர் வரும்போதெல்லாம் எடுத்துக் காட்டுவதும் படம் பிடிப்பதும் அதற்கு அச்சமூட்டுவன. "கையில் எடுத்தவுடன் எவ்வளவு சாதுவாய்ச் சுருண்டுகொள்கிறது!" என்று மகிழ்கிறார்கள். சுருளுதல் சாதுத் தன்மையன்று, நடுக்கம். புதிய இடத்திற்கு வந்த பாம்பை ஓரிரு வாரம் தொடாமலே விடவேண்டும்.

ஐந்தாவது, இயல்பான காரணங்கள். தோலுரிக்குமுன் கண் நீலம் பாய்ந்து மங்கும். அந்நாட்களில் அது பெரும்பாலும் உண்ணாது. வளர்ந்த ஆண் பாம்புகள் இனச்சேர்க்கைப் பருவத்தில் மாதக்கணக்கில் உண்ணாதிருத்தலும் உண்டு. உடல் எடை குறையாதவரை இவற்றுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

ஆறாவது, நோய். வாய் திறந்து மூச்சு விடுதல், மூக்கில் நுரை, ஈறு வீக்கம், செதில்களிடையே சிறு உண்ணிகள், எடையில் பத்தில் ஒரு பங்கு குறைதல் ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லவேண்டும். வேப்பேரியில் நூறாண்டு கடந்த கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு அண்மையிலேயே உள்ளது. வாரம் ஒருமுறை எடையை ஏட்டில் குறித்து வைத்தால், ஊகத்திற்கு இடமின்றி உண்மை தெரியும்.

அக்குடும்பத்தின் பெட்டியில் மறைவிடமே இல்லை. அறையோ இரவெல்லாம் குளிர். அங்கே நிகழ்ந்தது விரதமன்று என்பதை இனியும் விளக்க வேண்டுமோ?

எலியின் உயிர்

இங்கேதான் கடினமான வினா எழுகிறது. மேற்கூறிய குறைகளையெல்லாம் நீக்கிவிட்டால் பாம்பு உண்ணத் தொடங்கும். உண்பது எலியை. உறையவைத்த எலியைக் கடையில் வாங்கினால் கொலை நம்முடையதன்று என்பாரும் உளர். செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூன்று வாயிலாலும் வினை வந்து சேரும் என்று சிறுவயது முதல் கற்ற நமக்கு இவ்வாதம் நில்லாது. விலை கொடுப்பது செய்விப்பதே. உயிருள்ள எலியைப் பெட்டியில் இடுவதோ இன்னும் கொடிது. அச்சத்தால் அது பாம்பைக் கடித்துப் புண்ணாக்கவும் கூடும்.

ஆகவே எலியைக் கொடுத்தால் ஒரு குற்றம். கொடாவிடில் மற்றொரு குற்றம். இரண்டிலிருந்தும் தப்பும் வழி, அப்பாம்பை வீட்டிற்குக் கொணர்ந்த நாளுக்கு முன்பே இருந்தது. சுவாமி கார்த்திகேயர் தம் அனுப்பிரேட்சை நூலில், பூனை முதலிய ஊனுண்ணும் பிராணிகளை வளர்த்தலை அனர்த்த தண்டங்களுள் வைத்ததன் நுட்பம் இதுவே. அவர் பூனையை வெறுத்தாரல்லர். பூனையின் பசி பூனைக்கு இயல்பு. அதை நாம் உடைமையாக்கிக்கொண்ட கணத்தில் அப்பசி நம் கணக்கில் ஏறுகிறது. காட்டில் பாம்பு எலியைப் பிடிப்பதற்கு நாம் பொறுப்பல்லோம். பெட்டியில் அது உண்பதற்கும் உண்ணாமைக்கும் நாமே பொறுப்பு.

திறந்து விடலாமா?

"கொண்டுபோய்ப் பள்ளிக்கரணையிலோ கிண்டிக் காட்டருகிலோ விட்டுவிட்டால் என்ன? விடுதலை அளிப்பது புண்ணியமன்றோ?" என்பர் சிலர். ஆப்பிரிக்கப் புல்வெளிக்கு உரிய உயிரை, அதுவும் பெட்டியிலேயே வளர்ந்ததை, அயல் நிலத்தில் எறிவது விடுதலையன்று; கைகழுவுதல். அது பட்டினியாலோ சக்கரத்தாலோ சாகலாம். பிழைத்துப் பெருகினால் இங்குள்ள உயிர்களுக்குக் கேடு விளையலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், வளர்ப்போரிடமிருந்து வெளியேறிப் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள், எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துச் சிறு விலங்குகளைப் பெரிதும் அழித்திருக்கின்றன.

முறையான வழி ஒன்றுண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்யவேண்டும் என்பதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாயின. பந்து மலைப்பாம்பும் அப்பட்டியலில் உள்ளதே. நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வைத்திருக்க எவருக்கும் உரிமையில்லை. எனவே, மறைக்காமல் வனத்துறையிடம் தெரிவித்து, அவர்கள் வழிகாட்டும் தக்க இடத்தில் ஒப்படைப்பதே கடமை.

ஒப்படைத்தபின் அங்கேயும் அது எலியைத்தானே உண்ணும் என்று கேட்கலாம். ஆம், உண்ணும். அவ்வினையின் பங்கு நம்மை முற்றிலும் விட்டு நீங்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அறிந்தவர் கையில் அவ்வுயிரின் துன்பம் குறையும். நாம் மீண்டும் ஒன்றை வாங்காதிருந்தால் அந்த வணிகத்திற்கு நம் பொருள் சேராது. நலமான, வளர்ந்த பாம்பு சில வாரங்கள் உண்ணாமலே தீங்கின்றி இருக்கவல்லது. அவ்வியல்பு நமக்குக் கிடைத்த தவணை. தக்க இடம் தேடுவதற்கே அதைப் பயன்படுத்த வேண்டும். குட்டிப் பாம்புக்கும், எடை குறைந்த பாம்புக்கும் இத்தவணை இல்லை. அங்கே மருத்துவர் சொற்படி உணவளித்து, அவ்வெலியின் உயிரை நம் கணக்கில் எழுதிக்கொண்டு, பிரதிக்கிரமணம் செய்வதே நேர்மை. பாம்பின்மேல் பழி போடுதல் தகாது.

திருநறுங்கொண்டையிலும் கழுகுமலையிலும் படம் விரித்த நாகத்தின் நிழலில் நிற்கும் பார்சுவநாதரை வணங்கும் மரபினர் நாம். விறகுக் கட்டைக்குள் பாம்பிணை இருப்பதை அறியாமலே தவம் செய்தவனை நோக்கி, இது தவமன்று என்று இளவரசராயிருந்த அப்பெருமான் உணர்த்திய வரலாற்றை நம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அத்தவசியிடம் விரதத்திற்குக் குறைவில்லை. உள்ளே இருப்பதைப் பார்க்கும் கண்ணே இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் உயிர்களை நேசிப்பது நல்லதே. அந்நேசத்தைப் பெட்டியில் அடைக்காமல், கிண்டிப் பாம்புப் பண்ணைக்கு அழைத்துச் சென்று அறிவாக வளர்ப்பது பெற்றோர் கடன். எவ்வுயிரையும் உடைமையாக்கும் முன்னர், இதன் பசியை நான் ஏற்க இயலுமா என்று கேட்கும் பழக்கம் நம் இல்லங்களில் நிலைபெறுவதாக.

வாழ்க ஜினதருமம்! வளர்க ஜீவதயை!