அன்னையிடம் வழக்காடும் பாடல்கள்

மனம் சோர்ந்திருக்கும் வேளையில் எந்தப் பாடலைக் கேட்பது என்று ஓர் இளைஞர் அண்மையில் என்னிடம் கேட்டார். அவருக்கு வேலை போய்விட்டது. வீட்டில் தாயார் நோயுற்றிருந்தார். 'உற்சாகமான பஜனைகளைக் கேட்டால் வெறுமைதான் அதிகமாகிறது, சுவாமி' என்றார். அவர் கூறியது உண்மையே. துயருற்றவனின் காதருகே ஜால்ராவைத் தட்டினால் அவன் மேலும் தனிமைப்பட்டுப் போவான்.

அவரிடம் நான் ராம்பிரசாதரைப் பற்றிச் சொன்னேன்.

ராம்பிரசாத் சென் 18-ஆம் நூற்றாண்டு வங்கக் கவிஞர். கங்கைக் கரையிலுள்ள ஹாலிசஹரைச் சேர்ந்தவர். குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு செல்வரிடம் கணக்கெழுதும் பணியில் அமர்ந்த அவர், வரவு செலவு எழுத வேண்டிய ஏட்டில் காளியைப் பற்றிய பாடல்களை எழுதி வைத்தார் என்பது மரபு. புகாரின் பேரில் ஏட்டைப் புரட்டிய எஜமானர் மனம் நெகிழ்ந்து, உதவித்தொகை அளித்து அவரை ஊருக்கே அனுப்பிவைத்தாராம்.

அந்தப் பாடல்களில் கடன் வருகிறது, வழக்கு வருகிறது, தரிசாய்க் கிடக்கும் நிலம் வருகிறது, செக்கு மாடும் வருகிறது. ஏழைக் குடியானவனின் கவலைகள் அனைத்தும் அன்னையின் சந்நிதியில் வந்து நிற்கின்றன. பலவற்றில் துதியைவிடக் குறைகூறலே மிகுதி. தாயை அவர் கல்நெஞ்சக்காரி என்கிறார், கோபிக்கிறார். ஆனால் ஒருபோதும் அவளுக்கு முதுகு காட்டுவதில்லை. வங்காளியில் மிக நெருங்கியவர்களை அழைக்கும் ஒரு முன்னிலைச் சொல் உண்டு. 'துயி' என்பது அது. மொழிபெயர்க்கும்போது அதற்குத் தமிழில் 'நீ' என்றுதான் எழுத முடிகிறது. அந்த உரிமையில் பாதி கையிலிருந்து நழுவிவிடுகிறது.

இப்பாடல்களில் இன்னொன்றும் என்னைக் கவர்ந்தது. மரபுப்படி கடைசி அடிகளில் கவிஞர் தம் பெயரைச் சொல்லி, 'பிரசாதன் கூறுகிறான்' என்ற பாங்கில் முடிப்பார். அதுவரை அழுதவன் யாரோ, அவனைத் தள்ளி நின்று பார்ப்பவன் ஒருவன் அங்கே தோன்றிவிடுகிறான். வேதாந்தம் சாட்சி என்று எதைச் சொல்கிறதோ, அதன் சாயல் ஒரு நாட்டுப்புற மெட்டில் வந்துவிடுகிறது.

கீதையின் முதல் அத்தியாயத்திற்கு 'அர்ஜுன விஷாத யோகம்' என்று பெயர். சோர்வு எப்படி யோகமாகும்? அர்ஜுனன் தன் கலக்கத்தைத் தனக்குள் புதைத்துக்கொள்ளாமல் கண்ணனிடம் பேசினான்; ஆகவே அது யோகமாயிற்று. கேட்பவர் ஒருவர் வாய்த்தபின் புலம்பல் பிரார்த்தனையாக மாறத் தொடங்குகிறது.

மூன்று வாரங்களாக உறக்கமும் இல்லை, உணவும் இறங்கவில்லை என்று அந்த இளைஞர் சொன்னபோது, முதலில் ஒரு மருத்துவரைப் பார்க்கும்படி வற்புறுத்தினேன். பாடல் மருந்துக்கு மாற்று அல்ல. இரண்டும் இறைவன் தந்தவையே.

தட்சிணேசுவரத்தில் குருதேவர், ராம்பிரசாதருக்குக் காட்சி தந்த நீ எனக்கு மட்டும் ஏன் தரவில்லை என்று அன்னையிடம் முறையிட்டு, அவருடைய பாடல்களைக் கண்ணீருடன் பாடியதை நாம் அறிவோம். 1884-இல் தந்தை மறைந்தபின் நரேந்திரரின் குடும்பம் வறுமையில் தவித்தது. பொருள் வேண்டிக்கொள்ளுமாறு குருதேவர் அனுப்ப, ஒரே இரவில் மூன்று முறை அவர் காளியின் சந்நிதிக்குச் சென்றார். மூன்று முறையும் விவேகத்தையும் வைராக்கியத்தையும் ஞானத்தையும் பக்தியையுமே கேட்டுத் திரும்பினார். அதுவரை அவர் காளியை ஏற்காதவர். வீட்டின் பசி அன்றிரவு தீர்ந்துவிடவில்லை. குடும்பத்திற்கு எளிய உணவுக்கும் உடைக்கும் குறைவிராது என்ற குருதேவரின் வாக்கு மட்டும் கிடைத்தது. பிறகு அன்னையைப் பற்றிய ஒரு பாடலைக் கற்றுத் தருமாறு நரேந்திரர் கேட்டார். குருதேவர் கற்பித்தார். விடிய விடிய அதையே பாடிக்கொண்டிருந்தார் நரேந்திரர்.

மறுநாள் நண்பகலில் அங்கு வந்த பக்தர் ஒருவர், தாழ்வாரத்தில் அவர் அயர்ந்து உறங்குவதைக் கண்டார். அருகில் அமர்ந்திருந்த குருதேவரோ, 'நரேந்திரன் அன்னையை ஏற்றுக்கொண்டான்' என்று குழந்தையைப்போல் மகிழ்ந்து, வந்தவரிடம் மீண்டும் மீண்டும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.