துப்பாக்கிக்கு நீதிபதி என்று பேர்

அமெரிக்காவில் ஒரு கைத்துப்பாக்கி விற்கிறார்கள். பேர் ‘ஜட்ஜ்’. செய்வது டாரஸ் என்ற பிரேசில் கம்பெனி. சுழலும் உருளையில் ஐந்து அறை. ஒரு அறையில் .45 தோட்டா போடலாம், அதே அறையில்.410 ரவைத் தோட்டாவும் போடலாம். முன்னது ஒரே குண்டாகப் பாயும். பின்னது பல சிறு குண்டுகளாகச் சிதறும். மியாமி நகரத்து நீதிபதிகள் தங்கள் பாதுகாப்புக்கு இதை வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் கம்பெனி இந்தப் பேரை வைத்ததாம். 2011இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியும் இதே மாதிரி ஆறு அறைத் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்குப் பேர் ‘கவர்னர்’. ராத்திரியில் எவனாவது வீட்டுக்குள் நுழைந்தால், கை நடுங்குகிறவன்கூடச் சுடலாம், முதலில் ரவை, அப்புறம் தோட்டா என்பதுதான் விற்கிறவர்களின் பேச்சு.

நீதிபதியும் கவர்னரும் எட்டிப் பார்க்காத தெருவில் பிறந்தவர்களுக்கு இந்தப் பேர்களைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. எங்காவது ஒரு சேரி கொளுத்தப்பட்டால், எவனோ ஒருவன் வெட்டப்பட்டால், ஆம்பூரில் ஷூ கம்பெனி ஷிப்டு விட்டு வந்து டீக்கடையில் நிற்கிற பையன் கேட்கிறான்: “நம்ம கையிலயும் ஒண்ணு இருந்தா இப்டி வருவானா?” இதை வாலிப முறுக்கு என்று தள்ளிவிட முடியாது. இந்தக் கேள்வியை அவனுக்கு முன்பே சட்டம் கேட்டிருக்கிறது.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் எழுதப்பட்டன. அதில் மூன்றாம் விதியை நம்மவர்கள் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? வன்கொடுமை நடக்கக்கூடும் என்று தெரிகிற பகுதியை அரசு அடையாளம் காண வேண்டும். தேவைப்பட்டால் அங்கே பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்கச் செய்ய வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்கு அடுத்தபடியாக, உயிரும் உடைமையும் காக்கத் தேவை என்று பட்டால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் தரலாம். அரசே அச்சடித்த எழுத்து இது. ‘உன்னைக் காப்பாற்ற என்னால் முடியாமல் போகலாம்’ என்று அரசு தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறது.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் ஒன்று சொல்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு உரிமம் மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014இல் பெண்களின் பாதுகாப்புக்கு என்று ‘நிர்பீக்’ ரிவால்வரை வெளியிட்டபோது அதன் விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். ஆம்பூரில் மேல்தோல் தைக்கிற பெண் எத்தனை மாசச் சம்பளத்தைச் சாப்பிடாமல் சேர்த்தால் அதை வாங்குவாள்? உரிமத்துக்குச் சொத்து வேண்டாம், துப்பாக்கிக்கு வேண்டும்.

ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்பதைச் சாதி நெடுநாளாகத் தீர்மானித்து வருகிறது. நம்ம வேலூர்க் கோட்டையிலேயே 1806 ஜூலை 10இல் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பினார்கள். புதுத் தலைப்பாகையில் வைத்த தோல் குஞ்சமும் அதற்கு ஒரு காரணம். நெற்றிக்கு மேலே ஒரு துண்டுத் தோல் வந்ததைப் பொறுக்க முடியாத அந்தக் கோபம் சரித்திரம் ஆனது. அந்தத் தோலை உரித்தவன், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்தவன் கோபம் எந்தச் சரித்திரத்தில் இருக்கிறது? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், போர் செய்யத் தகுந்த சாதி எது என்று வெள்ளைக்காரன் பட்டியல் போட்டான். மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை நிறுத்தினான். அம்பேத்கரின் தகப்பனார் அதே பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். துப்பாக்கி உறைக்கும் பட்டாளத்து பெல்ட்டுக்கும் பூட்ஸுக்கும் தோல் பதனிடலாம், உறைக்குள் இருப்பதை மட்டும் தொடக் கூடாது.

ஆகவே ‘தலித்துக்கு எதற்குத் துப்பாக்கி, அகிம்சை போதாதா’ என்று கேட்பவரிடம் நாம் திருப்பிக் கேட்கலாம்: இந்த உபதேசத்தை எந்த ஊர்த்தெருவில் போய்ச் சொன்னீர்கள்? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக்கு நிலக்கிழார்களின் ஆட்கள் துப்பாக்கியோடுதான் வந்தார்கள். சூட்டுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேரை எரித்தார்கள். கடல் கடந்தும் இதே கதைதான். 1956 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. அகிம்சைக்காகவே உலகம் அறிந்த அந்த மனிதர் துப்பாக்கி உரிமம் கேட்டு மனுப் போட்டார், அலபாமாவில் மறுத்தார்கள். 1964இல் லூசியானாவில் கறுப்பர்கள் தற்காப்புக்கென்றே ஓர் அமைப்பு கட்டி, துப்பாக்கியோடு தங்கள் தெருவுக்குக் காவல் நின்றார்கள். அடிக்க வருகிறவனின் ஆயுதத்தையும் அடிபடாமல் இருக்க எடுக்கும் ஆயுதத்தையும் ஒரே தராசில் வைப்பது நியாயம் ஆகாது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகம் வேறு இடத்தில். அந்த டீக்கடைப் பையன் வீட்டுக்குப் போய் இதே பேச்சை எடுத்தால் அம்மா என்ன கேட்பாள்? “வாங்கினு வந்து எங்கடா வெப்ப? அரிசிப் பானையிலயா? புள்ளைங்க கீற வூடு.” இது பயந்தவள் பேச்சு இல்லை, வீடு தெரிந்தவள் பேச்சு. ‘வீட்டுப் பாதுகாப்பு’ என்று அமெரிக்கக்காரன் சொல்லும்போது அவன் மனசில் இருக்கிற வீடு வேறு. தனி வீடு, தனிப் படுக்கையறை, சுற்றிலும் புல்வெளி. நம் காலனித் தொகுப்பு வீடுகளில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் சித்தப்பா குடும்பம். பல இடத்தில் சுவர் என்பது தகரம், தட்டி. தோட்டா போட்டால் தட்டியைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பாய்க்குப் போகும். ரவை போட்டால் சந்து முழுக்கச் சிதறும். ஜவ்வாது மலையில் நாட்டுத் துப்பாக்கியில் பால்ரஸ் இடித்துச் சுடுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இதையும் யோசித்திருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் 44ஆம் பிரிவு. கொல்ல வருகிற கும்பலைச் சுட்டால்தான் பிழைக்க முடியும், கும்பலுக்குள் சிறு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால், பிள்ளைக்குக் காயம் பட்டாலும் சுட்டவன் குற்றவாளி அல்ல. சட்டம் விட்டுவிடும், சரி. சுட்டவனின் மனசு விடுமா? அந்தப் பிள்ளை ஊரார் பிள்ளையாக இருந்தாலும் பிள்ளைதானே? ஜட்ஜ் என்று பேர் வைத்துவிட்டால் தீர்ப்பை இரும்பு எழுதிவிடாது. யார், எதற்கு, எவ்வளவு என்று அரை நொடியில் தீர்மானிக்க வேண்டியவன் விரல் வைத்திருக்கிறவன்தான். குறி பார்க்காமல் சுடலாம் என்று விற்பது, யோசிக்காமல் சுடலாம் என்று விற்பதுதான்.

இன்னொன்று. நம்மைக் கொல்ல வருகிறவன் ராத்திரிக் கதவை உடைக்கிற திருடன் மாதிரியா வருகிறான்? 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனைப் பகலில், ஓடுகிற பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். தேர்தலில் நின்று ஜெயித்ததுதான் அவர் செய்த குற்றம். ஆனால் தேர்தல் என்றாலே உரிமம் பெற்ற துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். சாதி கொதிக்கிற வேளையில் நம் பாதுகாப்பு போலீஸ் பீரோவில் இருக்கும்! 2015 ஜனவரி 31 விடியலுக்கு முன் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் அந்தச் சேற்றில் செத்தார்கள். அங்கே யாரைச் சுடுவது? 

சுட்டுப் பிழைத்த பிறகு என்ன ஆகும்? எதிர் வழக்கு நமக்குப் புதுசா? அடிபட்டவன் மேலும் ஒரு எப்.ஐ.ஆர்., மறுநாள் பேப்பரில் ‘இரு தரப்பு மோதல்’, அப்புறம் சமாதானப் பேச்சு. வெண்மணியில் எரித்ததாக வழக்கில் நின்ற நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அதே இரவில் நிலக்கிழார் தரப்பு ஆள் ஒருவர் இறந்ததற்குத் தொழிலாளி சிறைக்குப் போனார். தற்காப்பு உரிமை எல்லோருக்கும் ஒன்றுதான். அதை நிரூபிக்கும்போது யார் வாய்ச்சொல் எடுபடும் என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் துப்பாக்கியே கேட்க வேண்டாமா? கேட்க வேண்டும். கேட்கிற வரிசை முக்கியம். மூன்றாம் விதியில் முதலில் இருப்பது அவர்கள் ஆயுதத்தை எடுப்பது, நமக்குக் கொடுப்பது அப்புறம். நாமோ கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு முதல் வரியை அரசுக்குத் தள்ளுபடி செய்துவிடுகிறோம். அவர்கள் பரணில் துப்பாக்கி இருக்க, நம் பானையிலும் ஒன்று இருந்தால் ரெண்டு தெருவிலும் சாவுதான் பெருகும். அவர்கள் பரண் காலியானால் நம் பானையில் அரிசி இருந்தாலே போதும்.

1927 மார்ச் 20இல் மகாத் குளத்தில் தண்ணீர் குடித்ததற்காக நம் மக்களை அடித்தார்கள். பட்டாளத்தில் இருந்தவர்கள் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். திருப்பி அடிக்கத் தெரியாதவர்கள் இல்லை. அம்பேத்கர் அவர்களை நிறுத்தினார். திருப்பி அடிக்க வக்கில்லாதவன் அடங்கினால் ஊர் அதை அடிமைத்தனம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். முடிந்தவன் நிற்கும்போதுதான் அது அறம். அந்த ‘முடியும்’ என்பதற்காகவாவது உரிமம் நம் உரிமையாக இருக்க வேண்டும்.

எனவே வன்கொடுமைப் பகுதி என்று தெரிந்த ஒவ்வொரு காலனியிலிருந்தும் கலெக்டருக்கு மனு போகட்டும். முதல் பத்தியில், ஊர்த்தெருவில் யார் யாரிடம் உரிமத் துப்பாக்கி இருக்கிறது, அதை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்போம். அடுத்த பத்தியில் நமக்கு உரிமம் கேட்போம். கொடுத்தால், எங்களைக் காக்க உங்களால் முடியவில்லை என்று ஒப்புக்கொண்ட கணக்கு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும்: இந்தக் காலனிக்கு ஆபத்தில்லை, காவல் இருக்கிறது என்று. நாளைக்கு ஏதாவது நடந்தால், அந்தக் கையெழுத்துப் போட்ட தாளோடு கோர்ட்டு வாசலில் நிற்போம்.