நெற்றாகும்வரை விட்டுவைத்த அவரை

சிப்காட் ஆலைகள் சூழ்ந்த ஜூஜுவாடியில் தோட்டம் போடுவோருக்கு நல்ல முன்மாதிரி பக்கத்திலேயே உண்டு. தளி வட்டாரத்தில் 1990களிலேயே வனஜா ராம்பிரசாத்தின் கிரீன் ஃபவுண்டேஷன், நாட்டு விதைகளைக் காக்கும் பணியில் இறங்கியது. கிராமத்துப் பெண்களின் கைப்பக்குவமே அதற்குப் பலம்.

வீட்டில் விதை சேமிப்பை அவரையிலிருந்து தொடங்கலாம்.

தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் பெரும்பாலும் குணம் மாறாது. செழித்த கொடியில் சில காய்களைப் பறிக்காமல் விட்டு, நெற்று குலுங்கிக் கிலுகிலுத்ததும் எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து பானையில் வைக்க வேண்டும். தக்காளி விதையை இரண்டு நாள் புளிக்கவிட்டால் வழுவழுப்பு நீங்கும்; ஹைபிரிட் ரகம் மட்டும் வேண்டாம், தாய்ச்செடிபோல வராது.

பூசணிக்குத்தான் கூடுதல் கவனம். தேனீ அடுத்த வீட்டுக் கொடியின் மகரந்தத்தையும் கொண்டுவந்துவிடும். பூ மலர்வதற்கு முந்தின மாலையே ஆண்பூ, பெண்பூ இரண்டையும் நூலால் கட்டி, விடிந்ததும் கையால் மகரந்தம் சேர்த்து, பெண்பூவை மறுபடி கட்டிவிட வேண்டும்.