முதற் கீறல்

அறுவை மருத்துவம் பயில்பவன் தன் முதற் கீறலை எங்கே இடுவது? இவ்வினாவை மருத்துவர்களிடமே விட்டுவிடுதல் தகாது. கத்திக்கு உட்படுவோர் நாமன்றோ!

இதற்கு அன்றே விடை கண்ட நூல் சுசுருத சங்கிதை. ஏட்டறிவு மட்டும் பெற்ற மாணவனைச் செயலுக்குத் தகாதவன் என ஒதுக்கி, அவனுக்குரிய பயிற்சிப் பொருள்களையும் அது வகுத்துரைக்கிறது. வெட்டிப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி. பிளந்து பழக நீரும் சேறும் நிரப்பிய தோற்பை. தைத்துப் பழகத் துணியும் மெல்லிய தோலும். குருதிக் குழாயைத் திறந்து பழக இறந்த விலங்கின் நாளமும் தாமரைத் தண்டும். கட்டுப்போட்டுப் பழக ஓர் ஆள் உருவம். நம் அடுக்களைச் சுரைக்காய்க்கு இத்துணைப் பெருமையா என்று இல்லத்தரசியர் வியக்கக்கூடும்! இன்றைய சிலிக்கோன் தோலும், பிளாஸ்டிக் எலும்பும், கணிப்பொறியோடு இணைந்த உருவங்களும் அதே எண்ணத்தின் வளர்ச்சியே.

மேலைநாட்டில் கதை வேறு. எடின்பரோ நகரில் 1828-ஆம் ஆண்டு, உடற்கூறு கற்பிப்போருக்குப் பிணம் விற்பதற்காகவே பர்க், ஹேர் என்னும் இருவர் 16 பேரைக் கொன்றனர். 1832-இல் பிரிட்டனில் இயற்றப்பட்ட சட்டம் அவ்வாணிகத்தை ஒடுக்கியது. ஆனால், ஏழையர் விடுதிகளில் கோருவாரின்றி மாண்டோரின் உடல்களைக் கல்லூரிகளுக்குத் திறந்துவிட்டது. நம் நாட்டில் 1949-ஆம் ஆண்டின் பம்பாய் உடற்கூற்றுச் சட்டமும் கோருவாரற்ற உடல்களைக் கல்விக்கு வழங்க வகை செய்தது.

'கோருவாரற்ற' என்னும் சொல், ஊர்விட்டு வந்து பிழைக்கும் நம்மைச் சுடவேண்டும். அத்தகையவன் உறவே இல்லாதவனாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தாயும் மனைவியும் ஆயிரம் மைலுக்கு அப்பால் அவன் கடிதத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம்.

மாதிரி உருவம் வெறும் பொம்மை என்பாரும் உளர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆளுக்கு ஆள் மாறுபடும் உள்ளமைப்பும், தவறிய கையைப் பற்றும் நடுக்கமும் பொம்மையிடம் முழுதாகக் கிட்டா. ஆயினும், அலுவலகத்தில் ஒரு சிறு கடிதத்துக்கும் வரைவு எழுதித் திருத்திய பின்னரே தூய நகல் எடுக்கிறோம். மனித உடலுக்கு வரைவு வேண்டாவா? பொம்மையில் கை தேறியபின், உடலைத் தாமே உவந்து எழுதிவைத்தோரிடம் மாணவன் செல்லட்டும். அவ்வுடல் முன் அவன் தலைதாழ்த்துவதற்குப் பொருளுண்டு. இலவச மருத்துவமனையின் நெடிய வரிசையில் நிற்பவரிடமோ, உமக்குத் தையலிடப் போகிறவர் இன்னும் பயில்பவரே என்பதை அவர் மொழியிலேயே சொல்லி, இசைவு பெற்றபின் ஊசியை எடுக்கட்டும்.