அமைதி எவருக்குரியது?

மே முதல் ஒக்டோபர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்றை நாடி, பட்டம் பிடித்து நீர்மேற் சறுக்கும் பிறநாட்டார் கற்பிட்டியிற் குவிகின்றனர். அக்காற்றே மீனவரின் படகுகளைக் கரையில் முடக்குவது. கடல் ஓய்ந்திருந்த மாசியில், கற்பிட்டியிலிருந்து படகேறிப் பத்தலங்குண்டுத் தீவுக்குச் சென்றேன். மணற்பரப்பும் குடிசைகளும் காயும் கருவாடுமாய்க் கிடந்தது தீவு. "என்ன அமைதி!" என்று என்னை மறந்து வியந்தேன். அருகிருந்த மூதாட்டி சொன்னார்:

"சத்தமில்லைதான் மகன். ராவையில பிள்ளைக்கு வருத்தம் எண்டா எங்கட சத்தமும் அக்கரைக்குக் கேக்காது."

நான் அமைதி என்றதை அவர் தொலைவு என்றறிந்திருந்தார். பிறர் இல்லாமையை அழகென்று நுகர்வது அறமாகுமா? 2000களில் அரசு வகுத்த கற்பிட்டிச் சுற்றுலாத் திட்டம் 14 தீவுகளைத் தன்னுள் அடக்கியது. விடுதி வந்தால் வைத்தியரும் வருவார் என்பர் சிலர். வரலாம், ஆனால் கருவாடு காயும் மணல் எவருடையதாகும்? அதற்காக, இத்தீவு இவ்வாறே இருக்கட்டும் என்று நான் விரும்புவேனாயின், அக்குழந்தையின் நோயும் இவ்வாறே இருக்கட்டும் என்றல்லவா ஆகிறது! மாற்ற முனைவோரைக் கண்டிப்பது நமக்கு எளிது. மாறாதிருக்க விரும்பிய நானோ, அம்மூதாட்டி எதை விரும்புகிறார் என்று கேட்டேனல்லேன். மறுமுறை சென்றால் முதலில் அதனைக் கேட்டல் வேண்டும்.